மாப்பிள்ளைக்கு ஆட்டா ரொட்டி

எனக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. சுனாமிக்குப் பிறகு முகாமில் மாதக்கணக்கில் நிவாரண மாவைத் தின்று வயிறு படாத பாடு பட்டபோதுதான் அது தெரியவந்தது. கோதுமையை இனித் தொடவே கூடாது என்றார் கொழும்பு டொக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். கல்முனையில் பின்னேரம் ஒரு கடைக்குள் போய், கோதுமை படாத ஒரு சாமானைக் கேட்டுப் பார்க்கட்டும்.

சண்டை முடிந்த வருஷம் எனக்குப் பேசிய பெண் றஸ்னா. எனக்கு அவளை அவ்வளவு பிடித்திருந்தது. அவள் இல்லாவிட்டால் எனக்குக் கலியாணமே வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். ஆனால் அவளுடைய வாப்பா முகைதீன்பாவா வைத்திருந்ததோ பறாட்டாக் கடை. சோறே ஆக்காத கடை! மாப்பிள்ளையை அங்கே கூட்டிவரச் சொன்னார். அஸர் தொழுதுவிட்டு, என் வாப்பாவின் தம்பி றஸாக் சாச்சாவோடு போனேன்.

மேசை நிறைய ரோல்ஸ், கொத்து, பறாட்டா.

"மாமா, எனக்குக் கோதும மா ஒத்துக்காது," என்றேன்.

எனக்கு நீரிழிவு என்று நினைத்து அவர் முகம் மாறியது. "இந்த வயசிலயா மகன் சீனி வருத்தம்?"

"சீனி இல்ல மாமா. கோதுமதான்."

"ஓம் ஓம், வெளங்குது. அப்ப இடியப்பம் தின்னுங்க."

அரிசி மாவா என்று கேட்டேன். "சேச்சே, நல்லா அவிச்ச கோதும மா. பஞ்சு மாதிரி ஈக்கும்," என்றார் பெருமையாக. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை எனக்கு.

"வருத்தக்காரனுக்கு எப்பிடிப் புள்ளையக் குடுக்கிற?" என்று அவர் சாச்சாவிடம் குசுகுசுத்தது என் காதில் விழுந்தது. பிறகு சமையல்கட்டுப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார். "சீனிக்காரருக்குச் சுடுற ஆட்டா ரொட்டி ரெண்டு கொண்டு வாங்க!"

ஆட்டாவும் கோதுமைதான் என்று சொல்ல வாய் திறந்தேன். சாச்சா மேசைக்கடியில் என் காலை மிதித்தார். எரிச்சல் தாங்கவில்லை. றஸ்னாவை நினைத்துக்கொண்டு, பிஸ்மி சொல்லி இரண்டையும் தின்றேன்.

"சீனி இல்லாட்டி இதையும் தின்னுங்க பாப்பம்," என்று பறாட்டாவைத் தள்ளினார். அதையும் தின்றேன்.

"பாத்தீங்களா றஸாக், வருத்தமுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. புள்ளைக்கு வெக்கம்!" என் கையை இறுக்கிப் பிடித்தார். "எனக்குச் சம்மதம்."

வயிறு அப்போதே புரட்டத் தொடங்கியிருந்தது. ஆனாலும் சந்தோஷம்தான். நாலு நாள் படுத்துக் கிடந்தால் சரியாகிவிடும், றஸ்னா எனக்குத்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"கலியாணம் முடிஞ்சா நம்மட வழக்கப்படி பொண்ணுட ஊட்டிலதானே மருமகன் ஈக்கப்போறீங்க," என்றார் மாமா. "நம்மட ஊட்டில அடுப்பு மூட்டுறதே இல்ல. மூணு நேரமும் கடச் சாப்பாடுதான்."