ஜோடி அன்னம் காட்டிக்கொடுக்கவில்லை

அஞ்சும் என்ற பெண் எழுதிய புரோகிராமில் பட்டனும் கிடையாது, படமும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் நாலு கேள்வி கேட்கும். பதில் சொல்லிவிட்டால் சேலை டிசைனைப் பிரித்து, எந்த இழை தூக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் எங்கெங்கே ஓட்டை விழ வேண்டும் என்று குத்தும் மெஷினுக்குச் சொல்லிவிடும். கேள்வி கேட்பது, பதிலைச் சரிபார்ப்பது எல்லாம், யாரோ எழுதிவைத்ததை அவள் எடுத்துச் சேர்த்துக்கொண்ட ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க்கின் பொறுப்பு. சின்ன காஞ்சிபுரத்தில் கோதண்டபாணியின் அட்டைக் கடையில் அதை ஓட்டுகிறவர் முருகேசன். இருபத்திரண்டு வருஷமாக அங்கே அட்டை குத்திக் கோக்கிறவர். போன மாதம்தான் கண்புரை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அந்த நாலாவது கேள்வி எதுக்குமா? தெனம் எண்டர்தான் தட்டிக்கினு இருக்கேன்" என்றார் ஒருநாள்.

நாலாவது கேள்வி, டிசைனை இடவலமாகத் திருப்பவா என்பது. அந்தக் கடை அட்டைகள் போகும் தறிகளில் பட்டின் முகம் கீழே பார்த்திருக்கும். திருப்பித்தான் குத்த வேண்டும். அதனால் வெறும் எண்டருக்கு 'ஆமாம்' என்று வைத்திருந்தாள் அஞ்சும். எப்போதும் ஒரே பதில் என்றால் கேட்பானேன் என்று கேள்வியைத் தூக்கிவிட்டாள். கையோடு ஒரு சோதனையும் போட்டாள், எதிரெதிரே பார்க்கும் ஜோடி அன்னத்தை வைத்து. கச்சிதமாக வந்தது. வராமல் என்ன செய்யும்? ஜோடி அன்னத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஜோடி அன்னம்தான். அந்தப் புத்தி அன்றைக்கு அவளுக்கு வேலை செய்யவில்லை.

அடுத்த வாரம் தறிக்காரர் துரைக்கண்ணு கடைக்குள் வந்து போனை நீட்டினார். ஒரு குடும்பம் பெருமாளுக்குச் சாத்த நேர்ந்துகொண்ட பட்டு அது. ஒரு சாண் நெய்ததும் தறிக்கு அடியில் படுத்துப் படம் எடுத்திருந்தார். சங்கு இருக்க வேண்டிய பக்கம் சக்கரம், சக்கரத்தின் பக்கம் சங்கு.

"பெருமாளுக்கே கை மாத்தி வுட்டீங்களேபா!"

கோக்கும்போது அட்டை புரண்டாலும் இதே கோளாறுதான் வரும். கோதண்டபாணி கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, நேராக முருகேசனைப் பார்த்தார்.

"அட்டைய பொரட்டிப் போட்டுக் கோத்திருக்கியே. கண்ணு தெரியலைன்னா வூட்ல இருக்க வேண்டியதுதான?"

முருகேசன் சண்டைக்கு வரவில்லை. ஓர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இருக்கும்ங்க. டாக்டரு சரியாப் போச்சுன்னுதான் சொன்னாரு" என்று சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டார். "நாளைலருந்து வேற ஆளப் பாத்துக்கங்க."

கடை மூலையில் உட்கார்ந்திருந்த அஞ்சும் அவசரமாக லேப்டாப்பைத் திறந்தாள். இரண்டு நிமிஷத்தில் தெரிந்துபோயிற்று. கேள்வியைத் தூக்கியபோது அதோடு ஒட்டியிருந்த 'ஆமாம்' என்ற பதிலும் போய்விட்டது. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் ஃப்ரேம்வொர்க் 'இல்லை' என்றுதான் எடுத்துக்கொள்ளும். அது அதன் வழக்கம், கையேட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

கமுக்கமாக ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் போதும். அந்தக் கடையில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. அப்படி நினைக்கவில்லை என்றால் பொய், நினைத்தாள். முருகேசன் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். காலுக்குப் பக்கத்திலேயே கிடந்த செருப்பு. இப்போது அதையும் நம்பாமல் குனிந்து கையால் தடவினார். அவள் லேப்டாப்பைக் கோதண்டபாணியின் பக்கம் திருப்பினாள்.

"சார், அட்டை பொரளல. தப்பு என்னுது."

கேள்வியைத் தூக்குவதற்கு முந்தின புரோகிராமையும் தூக்கின பிறகு உள்ளதையும் ஓட்டி, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினாள். கோதண்டபாணிக்கு முகம் சிவந்தது. "ஏம்மா, ஒரு வார்த்த கேட்டுட்டு எடுத்திருக்கக் கூடாதா?" என்று ஆரம்பித்தவர், முருகேசனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

முருகேசனுக்குக் கோபமே வரவில்லை.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்குதாமா?"

"நல்லாத்தாண்ணே இருக்குது."

அவர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் நின்றபடியே எதிர்ச்சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார். அன்றைய தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த நல்ல நேரத்தைச் சத்தமாக, இரண்டு தடவை வாசித்தார்.