கதிரேசன் நெஞ்சில் நின்ற குச்சி

கதிரேசனின் முகம் மங்கிப்போனது ஆடித் தள்ளுபடியின் மூன்றாவது நாள், மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு. அன்று உஸ்மான் ரோட்டில் வெயிலுக்கும் குறைவில்லை, கூட்டத்துக்கும் குறைவில்லை. நகைக்கடையில் ஒரு வளையலைக் காணோம் என்றதும் முதலாளி சுயம்புலிங்கத்தின் சந்தேகம், ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்குத் துரத்தப்பட்ட கடை ஊழியன் கதிரேசன்மேல் நேராகப் போய் உட்கார்ந்தது. வேறு யார்மேல் உட்காரும்?

கண்ணாடி அறைக்குள் நின்றபடி முதலாளி தன் லைசென்ஸ் துப்பாக்கியை, குண்டு போடாமல், சும்மா மிரட்டத்தான் அவனை நோக்கி நீட்டினார். சுடப் பழகும் கிளப்பில் நெடுஞ்செழியன் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் செய்தார். குறி பார்க்கும்போது துப்பாக்கியின் பின்பக்கப் பள்ளத்தின் நடுவே, குழல் முனையிலுள்ள முன்பக்கக் குச்சி நிற்க வேண்டும். மேல்மட்டம் சமம், இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம். கண் குச்சிமேலேயே இருக்க வேண்டும், எதிரில் இருப்பது மங்கினால் மங்கட்டும். முகத்துக்கு வைப்பதா நெஞ்சுக்கு வைப்பதா என்று கொஞ்சம் யோசித்து, அகலம் அதிகம் என்று நெஞ்சையே தேர்ந்தெடுத்தார். முகம் மங்கியது. துப்பாக்கியை மேஜைக்குள் வைத்த பிறகும் தெளியவில்லை. அன்றிலிருந்து கதிரேசன் எந்தச் சட்டை போட்டாலும் நெஞ்சில் கறுப்புக் குச்சி ஒன்று பளிச்சென்று நின்றது. அதற்குமேல், ஆவி படிந்த கண்ணாடி வழியே பார்ப்பது போல ஒரு கலங்கல்.

வளையல் சாயங்காலமே ஷோகேஸ் வெல்வெட்டுக்கு அடியில் கிடைத்துவிட்டது. குச்சி போகவில்லை. பாண்டி பஜாரில் வேறு வேலை கேட்டுப் போனால், குச்சியைப் பார்த்ததுமே ஆள் வேண்டாம் என்றார்கள். முகம் பார்த்து அரிசி போடும் ரேஷன் கடைக் கேமராவும் அவனை ஏற்கவில்லை. என்ன அநியாயம்!

பொறுத்துப் பார்த்த அவன் மனைவி பொன்மணி கடைக்கே வந்து கத்தினாள். "எம் புருசன் மூஞ்ச குட்த்துட்டு அப்பால கல்லாவுல குந்து!"

மாஸ்டரை வரவழைத்தார்கள். குறி வைத்தவரே குச்சியை விட்டுவிட்டு முகத்தை உற்றுப் பார்த்தால் தெளிந்துவிடும், ஆனால் அந்த முகம் அவர் மனசில் இருக்க வேண்டும் என்றார் அவர்.

சுயம்புலிங்கம் மனதாரத்தான் அவன் எதிரே உட்கார்ந்தார், அதைச் சொல்லியாக வேண்டும். ஏசியிலும் வியர்க்க வியர்க்கப் பார்த்தார். கடைசியில் கேட்டார்: "ஏலே, உன் மூக்கு எப்படிலே இருக்கும்?"

"பதினோரு வருசமா எதிர்லதான நின்னுக்கினு கீறேன், அண்ணாச்சி," என்றான் கதிரேசன்.

அவன் கொண்டுவரும் டீ ஞாபகம் இருந்தது. நகைப்பெட்டியைத் திறக்கும் கை ஞாபகம் இருந்தது. முகத்தை அவர் ஒருநாளும் பார்த்ததே இல்லை. நாசமாய்ப் போக.

பாவம் பார்த்து அவனை வாசலில் காவலுக்கு நிறுத்தி, சம்பளத்தையும் கொஞ்சம் கூட்டினார். அந்தக் குச்சிக்குத் திருடர்கள் பயப்படுவதாகப் பக்கத்துக் கடைக்காரர்கள் பொறாமைப்பட்டார்கள். நான்கு தீபாவளி போய்விட்டது. முதல் பஸ்ஸைப் பிடிக்கும் முன் கதிரேசன் கையால் தடவித் தடவித்தான் சவரம் செய்கிறான். கண்ணாடியில் அவனுக்கும் குச்சி மட்டுமே தெரிகிறது.

"மீசை சரியா கீதாடி?"

"கீது, கீது," என்கிறாள் பொன்மணி, நிமிராமல், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே.