முழு டிஸ்க்கையும் அழிக்கவா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெங்கிடராமன் கம்ப்யூட்டரை மனைவிக்கு விட்டுவிட்டுப் படுக்கப் போனார். கொச்சங்காடிக் கடைத்தெரு மிளகு வியாபாரிகளுக்கு வருமான வரிக் கணக்கு எழுதுகிறவர்.

"டி டிரைவ்ல கை வைக்காதே. கணக்கெல்லாம் அதுலதான் இருக்கு. அது போனா நமக்குச் சோறு இல்லையாக்கும், கேட்டோ."

"கேட்டேன்," என்றாள் மாதுரி.

மறுநாள் பள்ளிக்கூட லேபில், எல்லா டீச்சர்களுக்கும் முன்னால், அவள் லினக்ஸ் என்ற புது சிஸ்டத்தை நிறுவிக் காட்ட வேண்டும். தடுமாறினால், இப்போது அவளிடம் இருக்கும் லேப் சாவி வேறொருவர் கைக்குப் போய்விடும். சாவியால் சம்பளம் கூடுவதில்லை. ஆனால் சாயங்காலம் அந்த மெஷின்களை ஒவ்வொன்றாக அணைக்கும் நேரத்தில் மட்டும்தான் யாரும் அவளை எதற்கும் கூப்பிடுவதில்லை.

வீட்டிலேயே பழகிப் பார்க்க வழி சொன்னவள் உடன் வேலை பார்க்கும் சுமா. ஒரு புரோகிராம், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டராக நடிக்கும். அந்தச் சின்ன ஜன்னலுக்குள் என்ன செய்தாலும் வெளியே பாதிக்காது.

அந்த ஜன்னலைத் திறந்து லினக்ஸ் சிடியைப் போட்டாள். மொழி கேட்டது, ஊர் கேட்டது. பிறகு அந்தக் கேள்வி வந்தது. மாதுரி சுமாவுக்கு ஃபோன் செய்தாள்.

"முழு டிஸ்க்கையும் அழிக்கவாங்கறது, சுமா."

"அழிக்கச் சொல்லுங்க டீச்சரே."

"அவரோட ஃபைலெல்லாம்?"

"அந்த ஃபைலெல்லாம் இருக்கறதே லினக்ஸுக்கு அறியாது. நீங்க குடுத்த துளியூண்டு எடம்தான் லோகம்னு நெனச்சிட்டிருக்கு, பாவம்."

மாதுரி சிரித்தாள். ஃபோனை வைத்த பிறகு, எதற்காகச் சிரித்தோம் என்றிருந்தது.

அம்புக்குறியைப் பொத்தானின் மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அழுத்தினாள். தைரியம் வந்து அழுத்தவில்லை. பயந்து பயந்து அலுத்துப்போயிருந்தது.

எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை எறும்பாக ஊர்ந்தது. பாதியைத் தாண்டியதும் அடுக்களைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள்.

"ஏண்டி! இதென்ன, தானா என்னமோ காப்பி பண்றது?"

கணவரின் குரல் கேட்டு ஈரக் கையோடு ஓடி வந்தாள். "தொடாதீங்கோ, அது வேற..."

அவர் அதற்குள் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தியிருந்தார். நிஜமாகவே அணைக்கவா என்று அது கேட்டது. ஆமாம் என்றார். ஜன்னல் போயிற்று.

டி டிரைவைத் திறந்து ஒவ்வொரு ஃபைலாகப் பார்த்தார்.

"எல்லாம் இருக்கு. நல்லகாலம், சமயத்துல முழிச்சுண்டேன்."

அவர் அதை உண்மையாகவே நம்பினார். அதை இல்லையென்று சொல்ல, கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடுக்களையில் பால் பொங்கித் தீயும் வாசனை வந்தது. மாதுரி போய் மிச்சப் பாலில் காப்பி கலந்து கொண்டுவந்தாள்.

அவர் குடித்துவிட்டு வெளியே போனதும் மறுபடி சிடியைப் போட்டாள். மொழி. ஊர். கேள்வி வந்தபோது அதை முழுதாகப் படிக்கும் முன்பே அழுத்திவிட்டாள்.

மேஜைமேல் அவர் குடித்துவிட்டு வைத்த டம்ளரில் ஈ மொய்த்தது. அவள் எழுந்திருக்கவில்லை.