படையலில் வாய் வைத்தது

இருளப்பன் விறகுக் கட்டையை ஓங்கியபோது சூட்டியால் எழுந்து ஓடக்கூட முடியவில்லை. வாந்தியும் பேதியும் அந்த நாயை அப்படி வாட்டியிருந்தன. நான் குறுக்கே விழுந்தேன். அடி என் தோளில் இறங்கியது. கண்ணில் பூச்சி பறந்தது.

“விலகுடி! சாமி குத்தம் ஆன நாய வச்சிருந்தா குடும்பமே அழிஞ்சிரும்!”

அவன் என்னைக் கட்டியவன். புசல்லாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வருசா வருசம் மாடசாமிக்குக் கிடா வெட்டுவதும் அவன்தான். ஒரே வெட்டு. அந்தப் பெருமையில் வருசம் முழுக்க மீசையை முறுக்குவான். குழம்பில் உப்பு குறைந்தால் தட்டு என் முகத்துக்குத்தான் வரும்.

நேற்றுப் பூசையில், சூடம் காட்டுமுன்னே சூட்டி படையலில் இருந்த ஈரலைக் கவ்விவிட்டது. விடிந்ததும் அதற்கு வயிறு போனது. மாடசாமி தண்டித்துவிட்டாராம், அடித்துக் கொல்ல வேண்டுமாம். சாமியாவது தண்டிக்கிறதாவது! பூசை முடிந்து மிஞ்சிய கிடாக் குழம்பை மூடாமல் போட்டு வைத்து, ராத்திரி தானும் தின்று, காரமும் எலும்புமாக அதற்கும் அள்ளிக் கொட்டியவன் இந்த மகராசன்தான்.

“வேலைக்கு நேரமாச்சி. சாயந்தரம் நா மலையிலருந்து வாறப்ப அது எந்திரிச்சி நிக்கணும். இல்லாட்டி ஒரே வெட்டு” என்று செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு போனான்.

சொன்னால் செய்வான். கண்டியில் மிருக வைத்தியரிடம் வேலை பார்க்கும் மகள் நிஷாந்தினிக்கு போன் எடுத்து அழுதேன்.

“அழாதீங்கம்மா. இப்ப சாப்பாடு வேணாம், கொஞ்சம் கொஞ்சமா தண்ணி மட்டும் குடுங்க. வாந்தி நின்னாப்புறம் சோத்தக் குழைய வச்சி, தோல் இல்லாத கோழிய அவிச்சிப் பெசஞ்சி வைங்க. உப்பு, எண்ணெ, வெங்காயம், மிளகா ஒன்னும் கூடாது. ரத்தமாப் போனா மட்டும் ஒடனே தூக்கிட்டு வந்துருங்க.”

முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியின் கழுத்தை நானே திருகினேன். திருகும்போது யார் கழுத்தை நினைத்தேன் என்று கேட்காதீர்கள். மத்தியானம் வாந்தி நின்றது. சோற்றைச் சிறு உருண்டையாகப் பிடித்து நீட்டினேன். நக்கியது, விழுங்கியது. ஆனால் எழவில்லை. “எந்திரிடி, என் தங்கம், எந்திரி” என்று கெஞ்சினேன்.

சாயந்தரம் அவன் வந்தான். முகம் வெளிறியிருந்தது, ஆனாலும் வீறாப்பு குறையவில்லை. படுத்திருந்த நாயைப் பார்த்தான். என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதித் தள்ளினான். கத்தியை ஓங்கினான். ஓங்கிய கை பாதியில் நின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே குனிந்து குடல் வெளியே வருமளவுக்குக் கக்கினான். பேதியில் வேட்டியும் நனைந்தது. கத்தி கீழே விழுந்தது.

நெற்றி ரத்தத்தைத் துடைக்காமல் அந்தக் கத்தியை எடுத்து அவன் பிடரியில் வைத்தேன். பக்கத்து வீட்டு அன்னலட்சுமி “ஐயோ ராஜீ!” என்று அலறினாள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த எல்லாரும் வெளியே வந்தார்கள்.

“எல்லாரும் கேளுங்க! மாடசாமிக்கு வச்ச சாராயத்த சூடம் காட்டுமுன்னயே குடிச்சிட்டு, போத்தல்ல பால் ஊத்தாத பிளேன்டிய ஊத்தி வச்சது இவன். என் கண்ணால பாத்தேன், பயத்துல வாயப் பொத்திக்கிட்டிருந்தேன். வயிறு போனா சாமி குத்தம், வெட்டணும்னியே? இப்பச் சொல்லு, யார வெட்ட?”

இத்தனை வருசம் வாங்கிய அடியெல்லாம் என் மணிக்கட்டுக்கு வந்திருந்தது. சத்தியமாக வெட்டியிருப்பேன்.

அப்போது என் காலில் ஈரமாக ஏதோ பட்டது. சூட்டி. நான்கு காலும் வெடவெடக்க எழுந்து வந்து நக்கிக்கொண்டிருந்தது. நான் கத்தியைக் கீழே இறக்கி ஓவென்று அழுதேன்.

பொழுது சாயும்போது அவன் சுவரில் சாய்ந்து, “ராஜி, ஏதாச்சும் குடு” என்றான்.

“இரு. அது தின்னு முடிக்கட்டும்.”

சூட்டி தின்றபின் சட்டியில் மிஞ்சியிருந்ததைத் தட்டில் போட்டு அவன் முன்னால் தள்ளினேன். குனிந்த தலை நிமிராமல் தின்றான். உப்பு எங்கே என்று கேட்கவில்லை.