ஆறிப்போன எஞ்சின்

அருள்நாயகம் கையுறையைக் கழற்றி, அந்தச் சின்ன விமானத்தின் மூக்கைச் சுற்றியிருந்த தடித்த போர்வைக்குள் கையை விட்டான். சில்லென்றது. முந்தின நாள் பின்னேரம் எஞ்சின் சூடாக்கியின் வயரைச் சுவர் பிளக்கில் கொழுவி, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனவன். தொண்ணூற்று நாலாம் ஆண்டுத் தை மாதக் குளிர். இரவெல்லாம் சூடேறினால்தான் எண்ணெய் இளகும். இல்லாவிட்டால் பாகாய் இறுகிக் கிடக்கும், எஞ்சினைக் கிளப்ப முடியாது. போன கிழமையும் இப்படித்தான். இன்னொருதரம் என்றால் வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி அப்போதே சொல்லிவிட்டார்.

சந்தேகம் அன்புராசாவின் மேல்தான். இரவில் விமானக் கொட்டகை கழுவுகிறவன். அஜின்கோர்ட்டில் இருவருக்கும் ஒரே கட்டடம். பொங்கலுக்கு வந்து இரண்டாம்தரமும் வாங்கித் தின்றுவிட்டு, "உங்கட வேலை சுகம் அண்ணை, வயரைக் கொழுவிப்போட்டுப் போறதுதானே" என்று சிரித்தவன். ஊரிலிருந்து புதிதாய் வந்த தன் மச்சான் வேலை தேடுகிறான் என்று அன்றைக்கே ஒரு கதையும் விட்டான். இப்போது யோசிக்க, இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

வயரைப் பிடித்துக்கொண்டே போனான். நுனி தரையில் கிடந்தது. சுவரில் அதன் இடத்தில் வேறொரு மஞ்சள் வயர். அது கதவிடுக்கால் வெளியேறி, பனிக்கு மேலால் ஓடி, அன்புராசாவின் பழைய காரின் முன்வாய்க்குள் நுழைந்திருந்தது.

"டேய், என்னடா உது?"

அன்புராசா கையிலிருந்த வாளியை வைத்தான். "காரின்ர எஞ்சின் சூடாக்கிக்கண்ணை. உந்தக் குளிருக்க ஸ்ராட் ஆகுதில்லை. மனுசி பாலேஸ்வரிய நேரத்துக்கு ரெக்ஸ்டேலில இறக்காட்டி அவளின்ர வேலை போயிடும்."

"அதுக்குப் பிளேனைக் குளிரவிட்டியோ?"

"போர்வை கிடக்குத்தானே, சூடு நிக்கும் எண்டு நினைச்சன்."

"போர்வையோ? உள்ளுக்க கிடக்கிறதென்ன, காய்ச்சல்காரனோ சூடு குடுக்க? என்ர இடத்துக்கு மச்சானைக் கொண்டுவரப் பாக்கிறாய், என்ன?"

"ஐயோ அண்ணை! அவன் முந்தநாளில இருந்து கோழிக் கொம்பனிக்கு வேலைக்குப் போறான்."

மெய்யோ பொய்யோ. அருள்நாயகம் வெளியே போய்க் கார் மூடியில் உள்ளங்கையை வைத்தான். இளஞ்சூடு. அவனுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

வாசலில் காரொன்றின் வெளிச்சம் திரும்பியது. முதலாளி.

"நான்தான் கழட்டினனான் எண்டு சொல்லுறன் அண்ணை."

"சொல்லுவியோ?"

"அம்மாவாணை."

முதலாளி கொட்டகைக்குள் நுழைந்து நேரே விமானத்திடம் போனார். இருவரும் பின்னால் போய் நின்றார்கள். போர்வைக்குள் விட்ட கையை எடுக்காமலே அவர் அருள்நாயகத்தைத் திரும்பிப் பார்த்தார். அருள்நாயகம் அன்புராசாவைப் பார்த்தான்.

அன்புராசாவின் வாய் திறந்தது. முதலில் வெள்ளையாய் ஆவிதான் வந்தது.