பதினான்காம் பகுதிக்கு அறுபத்தாறு நிமிடம்

பட்டறை என்றுதான் சொன்னார்கள். நாற்பது வருஷம் லாரி ஓட்டிய நான் பார்க்காத பட்டறையா? இங்கே கிரீஸ் வாசனையும் இல்லை, ஸ்பேனர் சத்தமும் இல்லை. இருபது பேர் ஆளுக்கொரு கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு, இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதிவருகிற சமூக ஆய்வாளர்களாம். எழுதிவந்ததைக் கம்ப்யூட்டரில் போட்டு அலசுவதற்கு ஐந்து நாள் பயிற்சி.

அதில் என் மருமகளும் ஒருத்தி. என் மகனுக்கு வெளியூரில் வேலை. அதனால் எட்டு மாதப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் நான். பிள்ளை பசித்து அழுதால் முன்வரிசைக்குக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான் என் உத்தியோகம்.

கடைசி நாள் ஒவ்வொருவரும் தாங்கள் கண்டுபிடித்ததை இயக்குநர் அம்மாவிடம் காட்ட வேண்டும். நன்றாகச் செய்தவர் ஒருவருக்கு ஆபீஸில் மேசை வேலை. மற்றவர்கள் பழையபடி வெயிலில் கதவு தட்ட வேண்டியதுதான். கைக்குழந்தையோடு யார் கதவு தட்டுவது? "மேசை கிடைக்கலைன்னா வேலையை விட்டுடுறேன் மாமா," என்று சொல்லிவிட்டாள். சொன்ன அன்று தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது.

பயிற்சி கொடுத்தவர் மீசை முளைத்தும் முளைக்காத ஆள். முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை.

"ஆளுங்க பொய் சொல்லலாம். தரவு பொய் சொல்லாது," என்றார்.

"அந்தத் தரவை யாருகிட்ட வாங்கிட்டு வந்தீங்க தம்பி? ஆளுங்ககிட்டதானே?" என்று பின்னாலிருந்து கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மருமகள் திரும்பிப் பார்த்த பார்வையில் பேத்திகூட வாய் பொத்திக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலை. இயக்குநர் அம்மா தேநீர் இடைவேளைக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் மருமகள் தன் கணக்கைத் திரையில் போட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். வீட்டிலிருந்து கிளினிக்குக்கு நடந்துபோக எத்தனை நிமிடம் ஆகிறது என்று பகுதிவாரியாகச் சராசரி போட்டிருந்தாள். பகுதிக்கு எண் மட்டும்தான், பெயர் கிடையாது, ரகசியமாம். மற்ற பகுதியெல்லாம் பத்து, பதினைந்து என்று குட்டைத் தூண்களாக நிற்க, பதினான்கு மட்டும் தென்னைமரம் மாதிரி நின்றது.

"பதினாலாவது பகுதியில இருபத்தஞ்சு வீடு. சராசரி அறுபத்தாறு நிமிஷம். புது கிளினிக் அங்கதான் வரணும்," என்றாள். மீசைக்காரர் கை தட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழு மாதத்துக்கு முன், அவள் பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருந்தபோது, கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி நோட்டோடு வந்து எங்கள் வாசல் கதவில் சாக்பீஸால் 14/9 என்று கிறுக்கிவிட்டுப் போனாள். ஈரத்துணியால் துடைத்தவன் நான். பதினான்கு எங்கள் தெரு. முனை திரும்பினால் கிளினிக். இருமலோடு நானே எட்டு நிமிடத்தில் போய்விடுவேன். அறுபத்தாறு நிமிடத்தில் லோடு ஏற்றிய லாரியே இரண்டு ஊர் தாண்டிவிடும்.

சும்மா இருந்துவிடலாமா என்றும் தோன்றியது. அவளுக்கு மேசை, தெருவுக்கு இன்னொரு கிளினிக், எனக்கென்ன நஷ்டம்? ஆனால் இயக்குநர் அம்மா ஒருநாள் அந்தப் பக்கம் வந்தால் போதும். மானம் போவது என் வீட்டுப் பெண்ணுக்கு.

இடைவேளையில் பிள்ளையைக் கொடுக்கிற சாக்கில் போனேன்.

"அம்மாடி, அந்த பதினாலு நம்ம தெரு."

"என்ன மாமா உளர்றீங்க? நம்ம தெருவுக்குத்தான் கிளினிக் பக்கத்துலயே இருக்கே!"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அவள் கம்ப்யூட்டரில் வீடுவீடாக இறக்கிப் பார்த்தாள். ஒன்பது வீட்டில் ஏழு, எட்டு, ஒன்பது. மீதிப் பதினாறு வீட்டிலும் ஒரே எண்: 99.

முகம் வெளுத்துவிட்டது. "பதில் சொல்லாதவங்களுக்கு 99னு போடுவோம் மாமா. வயசுக் கேள்வியில வந்த 99 எல்லாத்தையும் எடுத்துட்டேன். இது நிமிஷம்தானேன்னு விட்டுட்டேன். கூட்டல்ல சேர்ந்துடுச்சு." பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "ஒரு தெருவுல பதினாறு வீடு எப்படி வாய் திறக்காம இருப்பாங்க? யாரோ தூண்டி விட்டிருக்காங்க."

நான் பேத்தியின் காலைப் பிடித்துப் பார்த்தேன். நகம் வளர்ந்திருந்தது.

"மாமா."

"நோட்டோட வர்றவங்களை எப்படி நம்புறது? இன்னைக்கு நிமிஷம் கேப்பான், நாளைக்கு வீட்டையே கேப்பான். எதுவும் சொல்லாதீங்கன்னு ரெண்டு பேருகிட்ட சொன்னேன்."

"ரெண்டு பேரா?"

"பதினஞ்சு."

அவள் திட்டவில்லை. பிள்ளையைத் திரும்ப என் கையில் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரை இழுத்தாள். இயக்குநர் அம்மா வந்தபோது தென்னைமரம் குட்டைத் தூணாகியிருந்தது: எட்டு நிமிடம். தன் தவற்றையும் தானே சொன்னாள்.

"பதினாறு வீடு ஏன் பதில் சொல்லலை?" என்று அந்த அம்மா கேட்டார்கள்.

"அந்தத் தெருவுல ஒரு பெரியவர் இருக்காரு, மேடம்," என்றாள் மருமகள். எந்தப் பெரியவர் என்று சொல்லவில்லை. ஆனால் அறையே கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. மீசைக்காரர் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

"தப்பைத் தேடிப் பிடிச்சு ஒத்துக்கிட்டவங்க நீங்க ஒருத்தர்தான். மேசை உங்களுக்கு," என்றார்கள் இயக்குநர் அம்மா. "ஆனா திங்கள்கிழமைக்குள்ள அந்தப் பதினாறு வீட்டுப் பதிலும் வரணும். முன்னாடி அந்தத் தெருவுக்குப் போன பொண்ணையே அனுப்புறேன். கூடவே அந்தப் பெரியவரும் போகட்டும்."

சனிக்கிழமை காலை பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்காரிக்கு முன்னால் நடந்தேன். முதல் வீட்டுத் தையல்காரர் கதவைத் திறந்ததுமே இடுப்பில் கை வைத்தார்.

"நோட்டோட வந்தா வாயே திறக்காதேன்னு சொன்னது யாருய்யா?"

"நான்தான். இப்ப திறன்னு சொல்றதும் நான்தான். மரியாதையாச் சொல்லுய்யா, வேற வீடு இருக்கு."

பதினைந்து வீட்டிலும் இதே பாட்டு, இதே வசவு. கடைசியாக எங்கள் வாசலில் நின்று கண்ணாடிக்காரி நோட்டைப் புரட்டினாள்.

"உங்க வீடு மட்டும்தான் பாக்கி, ஐயா. கிளினிக்குக்கு நடந்துபோக எத்தனை நிமிஷம்?"

உள்ளே மருமகள் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றுவிட்டது.

"எட்டு," என்றேன். "பிள்ளையைத் தூக்கிட்டுப் போனா பத்து. ரெண்டையும் எழுதிக்கோ. எழுதினதை எனக்கு ஒருதடவை காட்டிட்டுப் போ."