தேனீக்கும் பதினெட்டு

கணினி விளையாட்டுகளுக்கு வயது குறிக்கும் அலுவலகத்தில் அவருக்குப் 'பதினெட்டு சார்' என்று பெயர். வருகிற விளையாட்டை ஆடிப் பார்த்து, ஏழு வயதுக்கா, பன்னிரண்டுக்கா, பதினெட்டுக்கா என்று முடிவு செய்து ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. வராத ஒன்று, ஆடுவதுதான். முதல் கதவைத் தாண்டுவதற்குள் செத்துப்போவார். மறுபடி ஆடி மறுபடி சாவார். ஆகவே எந்த விளையாட்டிலும் அவர் கண்டதெல்லாம் தம்முடைய சாவைத்தான். வெலவெலத்துப்போய்ச் சிவப்புப் பதினெட்டை எடுத்து ஒட்டிவிடுவார். தேனீ வளர்க்கும் விளையாட்டில்கூடக் கொட்டு வாங்கியே செத்தார். அதற்கும் பதினெட்டு.

கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 'கோட்டை வேட்டை'யைச் செய்தவர்கள் மேல்முறையீடு போட்டுவிட்டார்கள். இயக்குநர் அம்மாள் கூப்பிட்டனுப்பினார்.

"கடைசி வரைக்கும் ஆடினீங்களான்னு கேக்குறாங்க சார். திங்கக்கிழமை நீங்க ஆமான்னு சொல்லணும். முடியலன்னா சொல்லிடுங்க, நாய் பிஸ்கட் லேபிள் பாக்குற பிரிவுல ஆளில்லாம தவிக்கிறாங்க."

அந்தப் பிரிவில் ருசி பார்ப்பதற்கென்று நிஜ நாய்களும் உண்டு. அவருக்கு நாய் என்றால் உயிரே போய்விடும்.

ஞாயிறு மதியம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செத்துக்கொண்டிருந்தார். மனைவி மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்தாள். பன்னிரண்டு வயது மகள் வீட்டுப்பாடம் எழுதுவதுபோல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ரொம்ப நேரமா சுவத்துல முட்டிக்கிட்டே இருக்கீங்க."

"தெரியும்டி."

"இங்க குடுங்க."

கொடுக்கக் கூடாது. அதைத் தடுக்கத்தானே அவருக்குச் சம்பளம்? ஆனால் கண்முன் ஒரு பெரிய நாய் வந்து வாலாட்டியது. கொடுத்துவிட்டார்.

"அசிங்கமா ஏதாவது வந்தா உடனே கண்ண மூடிக்கணும், சரியா?"

அவள் கை பட்டதும் கோட்டை தன் எஜமானியைக் கண்டதுபோல் திறந்துகொண்டது. காவலாளிகள் தூங்கினார்கள், இவள் பூனைபோல் அவர்களைக் கடந்து போனாள். ஒரு சொட்டு ரத்தமில்லை. பாவம், இவ்வளவு சாதுவான விளையாட்டுக்கா அநியாயம் செய்துவிட்டோம் என்று அவருக்கு மனது கேட்கவில்லை.

"பாத்தீங்களா? இதுக்குப் பன்னெண்டே ஜாஸ்தி," என்றாள் மகள். "அப்பா, தண்ணி."

கொண்டுவந்தார். கொஞ்ச நேரத்தில் பிஸ்கட் கேட்டாள். பிறகு பெல் அடித்ததாகச் சொன்னாள். வாசலில் ஈ காக்கை இல்லை. பிறகு மறுபடி தண்ணீர். பாதி வழியில்தான் பாட்டில் அவள் காலடியிலேயே இருப்பது ஞாபகம் வர, திரும்பி வந்தார்.

திரையில் ஒரு தலை படிக்கட்டில் உருண்டுகொண்டிருந்தது. நிதானமாக, ஒவ்வொரு படியாக, கண்ணைத் திறந்தபடி. மகள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"ஐயோ, அதுக்குள்ள வந்துட்டீங்களா!"

"இங்க தலை உருளும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"போன மாசமே முடிச்சுட்டேன்பா." குரல் தேய்ந்தது. "ரெண்டு தடவை."

"எவன் உனக்கு இதை வித்தான்?"

"முக்குக்கடை அண்ணாதான். சிவப்பு ஒட்டியிருக்கே, தருவீங்களான்னு நானே கேட்டேன்பா. 'தேனீக்கே பதினெட்டு போட்ட ஆளு பாப்பா அவரு. அந்தாளு பேச்சக் கேட்டா நான் கடையை மூடிட்டுத்தான் போகணும்'னு பையில போட்டுக் குடுத்துட்டாரு."

"அந்தாளா?"

"நான் உங்க பொண்ணுன்னு அவருக்குத் தெரியாதுல்ல."

அத்தனை தேனீக்களும் சேர்ந்து கொட்டியதைவிட இது சுருக்கென்றது. அவர் சோபாவில் உட்கார்ந்தார்.

"பயமா இல்லையா உனக்கு?"

அவள் பிஸ்கட்டைப் பார்த்தாள். "மொத வாரம் வயித்து வலின்னு அம்மாகிட்ட வந்து படுத்துக்கிட்டேன்ல? வலியெல்லாம் இல்ல. அந்த மாத்திரைதான் ஒரே கசப்பு."

அவள் மடியிலிருந்த கருவியை அவர் எடுத்துக்கொண்டார். பிறகு, "இது பதினெட்டுதான்," என்றார்.

"அப்பா! ரெண்டாம் பாகம் வேற வருது! பன்னெண்டு போட்டா நீங்களே வாங்கித் தரலாம்ல?"

"பதினெட்டு."

"அப்போ மிச்சத்தை நீங்களே ஆடிக்கோங்க!"

"ஆடிக்கிறேன். நீ திரும்பி நில்லு."

அலமாரியில் மூக்கு உரசும்படி அவளை நிறுத்திவிட்டு ஆடினார். செத்தார். ஒவ்வொரு சாவுக்கும் விளையாட்டு இயந்திரம் ஒரு முனகல் முனகியது. அலமாரிப் பக்கம் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. கடைசியில் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"குனிங்கப்பா! மூச்சு வாங்குறான் பாருங்க, இடது பக்கம்!"

"பாக்காதடி!"

"பாக்கல, காதாலதான் ஆடுறேன்! இப்ப வெட்டுங்க! வெட்டுங்கப்பா!"

மனைவி உள்ளே வந்தது அப்போதுதான். கணவர் வியர்த்து வழிந்து வாள் வீசுகிறார். மகள் அலமாரியைப் பார்த்து வெட்டு வெட்டு என்று கத்துகிறாள்.

"என்ன நடக்குது இங்க?"

"ஆபீஸ் வேலை," என்றார்கள் இருவரும்.

திங்கட்கிழமை கம்பெனி வக்கீல் கேட்டதற்கு, "கடைசி வரைக்கும் ஆடினேன். வழி சொன்னது என் பொண்ணு. பதினெட்டுதான்," என்றார் நெஞ்சை நிமிர்த்தி. தலை உருளும் படிக்கட்டைத் திரையில் ஓட்டியும் காட்டினார். வக்கீல் மேல்முறையீட்டுக் கோப்பை மூடிக்கொண்டார். பிறகு பதினெட்டு சார் தம் பையிலிருந்து தேனீ விளையாட்டை எடுத்து இயக்குநர் அம்மாள் முன் வைத்தார். "மேடம், இதுக்குப் பதினெட்டு என் தப்பு. ஏழு போதும்."

அன்று சாயங்காலம் முக்குக்கடைக்குப் போய், "அந்தாளு நான்தான். அது என் பொண்ணு," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். கடைக்காரர் முகம் வெளுத்தது.

அந்த வாரக் கடைசியில், தேனீ விளையாட்டு வாங்கப் போன மகள் வெறுங்கையோடு திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

"என்னப்பா செஞ்சீங்க அந்த அண்ணாவை? எனக்கு ஏழு வயசு ஆயிடுச்சுன்னு ஆதாரம் காட்டச் சொல்றாரு!"